பனி நீக்கிய படம்

பிரிஞ்சாங்கில் எல்வினின் படக்கடைக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் பனி அடித்துப்போனவை. கேமரன் மலையில் யார் எங்கே நின்று படம் எடுத்தாலும், அழைக்காத விருந்தாளியாகப் பனியும் வந்து கூட நின்றுகொள்ளும். அதற்கென்றே கணினியின் கறுப்புத் திரையில் தட்ட ஒற்றை வரிக் கட்டளை ஒன்றை அவன் வைத்திருந்தான். தட்டினால் போதும், படத்தில் எது ஆக இருட்டு, எது ஆக வெளிச்சம் என்று கணினியே தேடிப் பிடித்து, ஒன்றைக் கறுப்பாக்கி, மற்றதை வெள்ளையாக்கி, இடையில் கிடக்கும் நிறங்களை இழுத்து விரித்துவிடும். ஒரு கல்யாணத்தின் மொத்தப் படங்களையும் இப்படி ஓடவிட்டுவிட்டு, திறந்துகூடப் பார்க்காமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவான்.

இன்று இருந்தது ஒரே படம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஆரோக்கியம்மாள், மகள் கரேனின் நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்க வந்திருந்தார். போன மாதம், திரிங்காப்பில் காய்கறித் தோட்டத்துச் சரிவில் மழைக்குக் கால் வழுக்கி விழுந்து செத்தாள் என்று கரேனின் புருஷன் எட்ரியன் சொன்னான். ஊரும் அப்படியே சொன்னது. மாமியாரைக் கடையில் இறக்கிவிட்டு, அவன் எதிரே லோரியில் உட்கார்ந்திருந்தான்.

"கிறிஸ்மஸுக்கு வந்தப்ப நான் எடுத்தது தம்பி. மூஞ்சி தெரியறாப்ல பண்ணிக் குடுங்க."

நீலம் பாய்ந்த பனிக்குள் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. எல்வின் படத்தைக் கணினிக்கு மாற்றி, கட்டளையைத் தட்டித் திறந்தான். தேயிலை பச்சையாகி, நெற்றி தெளிந்து, உதடு சிவந்தது. பிறகு கழுத்து. ஒரு பக்கம் நாலு கறை, மறுபக்கம் ஒன்று, மங்கிய ஊதாவும் மஞ்சளுமாக.

நினைவு அட்டை என்றால் மச்சம், தழும்பு எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பது அவன் வழக்கம்; யாரையும் கேட்டுச் செய்வதில்லை. பழகிய கை மௌஸைப் பிடித்து முதல் கறையை அழித்துவிட்டது. இரண்டாவதற்குப் போகும்போதுதான் அவை விரல் பதிந்த தடங்கள் என்று அவனுக்கு உறைத்தது. மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

"அழிச்சத திரும்பக் கொண்டாங்க" என்றார் பின்னால் நின்ற ஆரோக்கியம்மாள்.

கொண்டுவந்தான். அவர் தன் கையைத் திரையருகே நீட்டி, அந்தக் கறைகளுக்கு நேராக விரல்களை விரித்தார். தொடவில்லை.

"ஸ்வெட்டர்ல கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுருந்தா. குளிருதும்மான்னா. படத்துக்கு நல்லாருக்காதுன்னு நாந்தான் மேல் பட்டன கழட்டச் சொன்னேன். பேசாம கழட்டிட்டு, நான் பாக்கறனான்னு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. பனியில எனக்கு ஒண்ணுமே தெரியல தம்பி. சாயங்காலம் நானே அவன் லோரியில ஏத்தி அனுப்பிவச்சேன்."

எதிரே லோரி ஹார்ன் அடித்தது. எல்வினுக்குப் பயமாக இருந்தது. இதே ஊரில்தான் அவனும் கடை நடத்த வேண்டும்.

"அம்மா, அவரு பாத்தா பிரச்சன ஆயிரும்லா. அட்டைக்கு கழுத்து வராம வெட்டிப் போட்டுறவா?"

"அட்ட வேணாம். ஒங்க மிஷின்ல எவ்ளோ பெருசு வருமோ அவ்ளோ பெருசா போடுங்க. பூசையில அவன் இதுக்கு முன்னாலதான முட்டி போடணும்."

எல்வின் ஆகப் பெரிய தாளை எடுத்துச் செருகினான்.

படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. முடி வந்தது. நெற்றி வந்தது. எடுத்தவரையே பார்க்கும் கண்கள் வந்தன. ஆரோக்கியம்மாள் குழந்தையை வாங்குவது போல இரண்டு கைகளாலும் தாளை ஏந்தி நின்றார். மறுபடி ஹார்ன், பிறகு லோரிக் கதவு சாத்தும் சத்தம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே எட்ரியன் சப்பாத்து மண்ணைப் படியில் தேய்த்துக்கொண்டிருந்தான். தாள் தாடை வரை வந்திருந்தது.