ஒரு மடக்குப் பானைத் தண்ணீர்

எங்கள் வீட்டில் அடக்கமான பெண் ஒருத்திதான் உண்டு. அது நானில்லை, என் ஓரகத்தி நிரஞ்சனா. ஒரு வருஷமாக ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி கிடந்தவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகப் பேசியதில்லை. அந்தக் குறையை எங்கள் ஊர் பாவ்நகர் முழுக்க நான்தான் தீர்த்துவைத்தேன்.

எங்கள் சமணர் வழக்கப்படி அட்சய திருதியையோடு தவம் முடிகிறது. பாலிதானா மலையேறி ஆதிநாதரைக் கும்பிட்டு, இறங்கி வந்து, வீட்டு மனிதர் கையால் கரும்புச் சாறு வாங்கிக் குடிக்க வேண்டும். அன்றைக்கு அதுவரை காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும்தான். பச்சைத் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனால் ஒரு வருஷத் தவமும் போச்சு.

அவள் புருஷன் பிபின், பாத்திரக் கடைக்காரன். நல்லவன், ஆனால் பதற்றக்காரன். நடந்துதான் ஏறுவேன் என்று அவள் சொல்லியும் டோலி பேசிவிட்டான். டோலிக்காரர்கள் அதைக் காலியாகத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்கள்.

"ஏறிக்கோயேன் நிரு. உன்னப் பாக்கப் பாக்க எனக்கு மயக்கமா வருது."

"மயக்கம் உங்களுக்குத்தானே? நீங்க ஏறிக்கோங்க."

பாதி மலையில் தண்ணீர்ப் பந்தல் நிழலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு இன்னும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிபின் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அவள் மூடியைத் திறந்ததும் தண்ணீர் தளும்பி என் கையில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது. காலையில் நான் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் ஊற்றி வைத்த தண்ணீர் அது.

"குடிக்காதடி!" என்று உதட்டுக்குப் போன பாட்டிலைப் பிடுங்கினேன். "தம்பி, என்ன தண்ணி இது?"

"காய்ச்சினதுதான் அண்ணி. சூடா இருந்துச்சேன்னு கீழ பானைத் தண்ணிய கொஞ்சம்..." சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

பந்தலில் காய்ச்சிய தண்ணீர் அண்டா கவிழ்ந்து கிடந்தது. அன்று மலை முழுக்கத் தவக்காரர்கள். மேலேயும் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

தவத்தில் இருப்பவள் கோபப்படக் கூடாது. அதனால் அவளுக்கும் சேர்த்து நானே திட்டினேன்.

"பாத்திரம் விக்கிறவனுக்கு எதுல எதை ஊத்தணும்னு தெரியாதா? ஒரு வருஷத்தை ஒரு நொடியில காவு குடுக்கப் பாத்தியேடா!"

"விடுங்கக்கா, நான்தான் குடிக்கலையே. வாங்க, வெயில் ஏறுது," என்று எழுந்துவிட்டாள்.

கல்படி கொதித்தது. உதடு வெடித்தும் அவள் நடை மாறவில்லை. பிபின் ஒவ்வொரு வளைவிலும் டோலியைக் கையால் காட்டினான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். நானும் தண்ணீர் தொடவில்லை. வைராக்கியமெல்லாம் இல்லை, வெறும் ரோஷம்தான்.

ஆதிநாதர் சந்நிதியில் அவள் கைகூப்பி நின்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது. வாயில் ஈரமில்லாதவளுக்குக் கண்ணீர் எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டுப் பெண் என்று அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

இறங்கும்போது பிபினுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவனே டோலியில் உட்கார்ந்தான். அடிவாரத்தில் அட்சதையோடு காத்திருந்த பெண்கள் டோலியைக் கண்டதும் ஓடி வந்து, "தபஸ்விக்கு ஜெய்!" என்று அவன் தலையில் போட்டார்கள்.

"ஐயோ, நான் இல்லம்மா! காலைல மூக்கு முட்டத் தின்னவன் நான்!" என்று அலறினான். பிறகு டோலியிலேயே எழுந்து நின்று கையை நீட்டினான். "அதோ நடந்து வர்றா பாருங்க, அவதான்! என் பொண்டாட்டி!"

அந்தக் குரல் மலை உச்சிக்கே கேட்டிருக்கும். இத்தனை வருஷத்தில் அன்றுதான் எனக்கு என் கொழுந்தனைப் பிடித்துப் போயிற்று.

மண்டபத்தில் அவள் வெள்ளிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். பிபின் கரும்புச் சாற்றுச் செம்பை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"இந்தக் கையால வேண்டாம் நிரு. அண்ணி ஊத்தட்டும்."

அவள் கிண்ணத்தை அவன் பக்கமே நீட்டினாள்.

"நீங்களே ஊத்துங்க. இனிமே நீங்க எதை ஊத்தினாலும் குடிக்கலாம்."

ஊற்றினான். பாதி தரையில் கொட்டியது. திட்டலாம் என்று வாயெடுத்தவள், செம்பை மறுபடி நிரப்பி அவன் கையிலேயே கொடுத்தேன்.