கட்டிக்கு வைத்த பொட்டு

ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருஷம் அது. மலாயாவின் பெக்கோக் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அர்ச்சுனன் ஜொகூர் பாருவுக்கு ரயிலேறினான். மனைவி புஷ்பவள்ளியின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டி, ஒரு மருந்துச் சீசாவில் அவன் மடியில் இருந்தது. புற்றுதான் என்று தோட்டத்து டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும். மெதுவானது என்றால் இன்னோர் ஆப்பரேஷனில் அவள் பிழைத்துக்கொள்வாள். வேகமானது என்றால்? அதற்குமேல் யோசிக்க அர்ச்சுனனுக்குத் தெம்பில்லை.

சீசாவைக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டில் தங்கினான். ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில் விடியும் முன்பே எழுந்து போய் நின்றான். சோதனைக்கூடத்து உதவியாளர் சபாபதி நல்ல மனிதர். வாய்தான் சும்மா இருக்காது.

“கட்டிய மெழுகுல வெச்சு, மெல்லிசா சீவி, சாயம் போட்டிருக்கோம்ணே. ரெண்டா பிரியிற உயிரணு கறுப்பா தெரியும். அதைத்தான் எண்ணணும். கொறைச்சலா இருந்தா நல்லது லா.”

மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணத் தொடங்கியவரின் பேச்சு சட்டென்று நின்றது. “அலமாக், ஐயோ, ஓரமெல்லாம் கறுப்பா மொய்க்குதே!”

அர்ச்சுனன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்தார். மைக்ராஸ்கோப்பின் திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு சபாபதியிடம் என்னவோ கேட்டார்.

“அண்ணே, இது அணு இல்லையாம். மேல ஒட்டின கரியாம். கட்டியில என்னத்த தடவுனீங்க?”

அர்ச்சுனன் திருதிருவென்று விழித்தான். “ரயில்ல போறவன் வாறவனெல்லாம் சீசாவ உத்து உத்துப் பாத்தானுங்க. அவ சதையாச்சே, மனசு கேக்கல. பக்கத்துல புள்ளைக்காரி ஒருத்தி மை வெச்சிருந்தா. கட்டிய எடுத்து ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சுட்டேன்.”

சபாபதி அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரித்து ஓய்ந்ததும், கட்டியின் உள்பக்கத்திலிருந்து சீவிய துண்டை வைத்து அவரே எண்ணினார்.

“கறுப்பு அணு தேடித் தேடித்தான் கெடைக்குதாம்ணே. மெதுவானதுதான்! சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, பொழைச்சுக்குவாங்க.”

அர்ச்சுனன் அங்கேயே வெட்கமில்லாமல் அழுதான்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட புஷ்பவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நொடியே பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, புத்தி இருக்கா உங்களுக்கு? புள்ள கண்ணு படாம வளரணும்னுதான் பொட்டு வெப்பாங்க. போயும் போயும் அந்தப் பாழாப்போன கட்டிக்கா வெப்பீங்க!”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது.

“கட்டிக்கா வெச்சேன்?” என்றான் அர்ச்சுனன். “உனக்குத்தானே.”

புஷ்பவள்ளியின் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துவைக்க எழுந்தாள்.