பத்து லட்சத்து ஒன்று

அம்மாமண்டபம் ரோட்டில் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறை வாசகசாலைக்குப் பெயர் வைப்பதில் மாலை வகுப்பு நண்பர்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருவன் சொன்ன தலைவர் பெயர் இன்னொருவனுக்கு ஆகவில்லை.

"ஆள் பேரே வேணாம்டா," என்றான் காஜா மைதீன். "யாராலும் வகுக்க முடியாத நம்பரா வைப்போம். நம்மளையும் எவனும் பிரிக்க முடியாது."

எண் தேடும் வேலை அடைக்கலத்திடம் வந்தது. பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன். அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை, அவனைத் தவிர.

பத்து லட்சத்து ஒன்றை எடுத்துக்கொண்டான். பார்வைக்கு அழகான எண். அதன் வர்க்கமூலம் ஆயிரம்தான்; அதற்குள் உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றிலாவது மீதியில்லாமல் போனால் எண் கெட்டது. தொண்ணூற்றேழு வரை வந்தபோது பிலோமின்ராஜ் எதிரே வந்து நின்றான்.

"இன்னுமா? நீ பொண்ணையும் வகுத்துப் பாத்துட்டுத்தான் தாலி கட்டுவே. போர்டு எழுதறவர் காத்துக்கிட்டிருக்கார்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். "சரி, எழுதச் சொல்லு," என்றுவிட்டான் அடைக்கலம்.

ஞாயிறு காலை, திறப்பு விழாவுக்குப் போகிற பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது மனசு அரித்தது. விட்ட இடத்திலிருந்து துண்டுத்தாளில் தொடங்கினான். அடுத்தது நூற்றொன்று. மீதி பூஜ்யம். பஸ் குலுக்கலில் தப்பாகியிருக்கும் என்று பெருக்கிப் பார்த்தான். நூற்றொன்றை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றால் பெருக்கினால் அச்சாக அதேதான்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் இனி எவன் அவன் கணக்கை நம்புவான்? அறை வாசலில் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"வகுபடுதுடா. நூத்தொண்ணால."

"தொண்ணூத்தேழுல நிறுத்தினே, அடுத்ததே அதானா!" காஜா தலையில் அடித்துக்கொண்டான். பிலோமின்ராஜ் துண்டுத்தாளை வாங்கித் தானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தான்.

போர்டு எழுதிய ஆண்டி, "கடைசி ஒண்ணை மூணாக்கிட்டா ஆச்சு தம்பி. ஒரு இழுப்புதான்," என்றார்.

மூன்று சரியாக வருமா? எல்லாரும் திரும்பி அடைக்கலத்தைத்தான் பார்த்தார்கள்.

"தெரியாது. பாக்கணும். ஆயிரம் வரைக்கும்."

ஆண்டி கடைசி இலக்கத்தைத் துணியால் துடைத்தார். அந்த இடம் காலியாகவே போர்டு ஏறியது. விளக்கேற்றி, பேசி, சுண்டலும் கொடுத்தாயிற்று. மூலையில் அவன் வகுத்துக்கொண்டே இருந்தான்.

"உள்ளே கணக்கு நடக்குதுங்க, சத்தம் போடாதீங்க," என்று வந்தவர்களை அடக்கியவன் பிலோமின்ராஜ்.

பொழுது சாயும்போது கடைசி எண், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. மீதி பன்னிரண்டு.

ஏணியில் நின்றபடி ஆண்டி கேட்டார்: "போட்டுடவா தம்பி?"

"போடுங்க."

மூன்றின் மேல் வளைவு முடிவதற்குள் அடைக்கலம் முதல் தாளை எடுத்து, ஏழிலிருந்து மறுபடி சரிபார்க்கத் தொடங்கியிருந்தான்.