மாற்றிக் கொடுத்த ரத்தம்

நாகராஜா கோயிலுக்குப் பால் கொடுக்கும்முன், ஈன்ற மாட்டை அந்நியர் கண்ணில் காட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதில் ஊசி வேறா? மாட்டு டாக்டர் இந்துஜா ரத்தம் எடுத்துப் பார்க்க வந்த அன்று, புதிதாக ஈன்ற கறுப்பியைப் பின்கொட்டிலில் மறைத்துவிட்டு, அச்சு அசலாக அவளைப் போலிருந்த அவள் அக்காள் பசுவைப் பிடித்துக் கொடுத்தேன்.

"ஈன்ற மாட்டுக்கு ரத்தத்துல கீட்டோன் கூடுனா வயிறு இடம் மாறிப் புரளும் அக்கா. முந்தியே தெரிஞ்சா மருந்து உண்டு," என்று மீட்டரைப் பார்த்தாள். "குறைவாத்தான் இருக்கு. பயப்படாண்டாம்."

ஒன்பதாம் நாள் கறுப்பி தீனியை வெறுத்தாள். இடது விலாவைத் தட்டினால் வெறும் குடம்போல ஒலித்தது. அவள் செத்து, புதைத்த பிறகுதான் டாக்டருக்கு ஃபோன் செய்தேன்.

"எனக்க டெஸ்ட்தான் தப்பு. மன்னிச்சிருங்கக்கா," என்று அழுதாள். மாட்டை மாற்றிக் கொடுத்ததை நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த ஒலி என் காதை விட்டுப் போகவில்லை. நேற்று அது அடுத்த வீட்டுக் கொட்டிலிலிருந்து கேட்டது. ஓடினேன். பத்து நாள் முன்பு ஈன்ற தன் மாட்டின் விலாவை நாகம்மை தட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் ரத்தம் எடுக்கலியா?"

"வந்தா. நான்தான் வேண்டாம்னுட்டேன். உனக்க மாட்டுக்கு எடுத்து என்ன ஆச்சு, மக்கா?"