யூட்டின் வயிறும் கற்பிட்டிக் கழுதைகளும்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், சொன்ன நாக்கு கருவாடாய்க் காய்ந்து போகட்டும். கடலுக்கு நேரே நின்று, செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுச் செய்கிற சத்தியம் இது.

கற்பிட்டியில் போட் எஞ்சின் திருத்துகிற யூட்டுக்குக் குரோன்ஸ் என்று ஒரு குடல் நோய். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். பிறகு ஒருநாள் குடல் வீங்கிக் கிளம்பினால் பாதிநாள் கக்கூசில்தான். அந்த நேரத்தில் அவன் வயிறு உறுமுகிற உறுமலை இடியென்று நினைத்து ஆட்கள் வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டதுண்டு.

கழுதைகள் மட்டும் ஏமாறவில்லை. ஊரில் அவிழ்த்துவிட்டபடி திரிகிற அந்தக் கூட்டம், குரோன்ஸ் உறுமினால் வேலியோரம் வரிசையாக வந்து நின்று, சொந்தக்காரன் கூப்பிட்டதுபோலப் பதிலுக்குக் கத்தும். சாதாரண வயிற்றோட்டத்துக்கு ஒரு கழுதையும் காதைத் திருப்பாது. யூட் இதை வருடக்கணக்கில் கவனித்து உறுதிப்படுத்தி வைத்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தங்கை மெரினாவின் மகளுக்கு ஞானஸ்நானம். யூட்தான் ஞானத்தகப்பன். மெரினாவின் மூத்த பையனுக்கும் அவனைத்தான் கேட்டிருந்தார்கள்; அந்தப் பூசையை அவன் கோயில் கக்கூசுக்குள் இருந்தே கேட்டு முடித்தான். இந்தப் பிள்ளையையாவது கையில் ஏந்தி நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் வயிறு பிடித்தது.

மனைவி பிரான்சிஸ்காவுக்கும் பிடித்தது. முதல்நாள் இரவு இருவரும் தின்றது ஒரே கணவாய்க் கறி. அப்படியானால் இது கணவாயா, குரோன்சா? கணவாய் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடும். மற்றது என்றால் போகாது. யூட்டுக்கு வலியைவிட இதை அறிகிற ஆவல்தான் பெரிதாக இருந்தது. டொக்டர் நபீலாவுக்குக் கோல் எடுத்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்கும், யூட். சோதிக்காம சொல்லேலாது. உடம்பில தண்ணி வத்தாம ஜீவனிப் பக்கட்டைக் கரைச்சுக் குடிங்க. குரோன்சுக்குப் போடுற குளிசையை நீங்களா நிப்பாட்ட வேணாம். ரத்தம் போனா, காய்ச்சல் ஏறினா உடனே வாங்க."

"கழுதையைக் கேட்டுப் பாக்கவா, டொக்டர்?"



"ஜீவனியை மறந்திராதீங்க" என்றார் டொக்டர்.

அதற்குள் செய்தி மெரினாவின் புருஷனுடைய அண்ணன் வின்சன்டுக்கு எட்டிவிட்டது. யூட் விழுந்தால் ஞானத்தகப்பன் இடம் அவனுக்குத்தான். வந்து கக்கூஸ் கதவைத் தட்டினான்.

"என்ன மச்சான், வெளியால வாறியா? இல்லாட்டி நான் கோயிலுக்குப் போடுற சேட்டை அயன் பண்ணவா?"

"பொறு. கழுதை வரட்டும்."

"ஒண்டு வேலிக்கு இஞ்சால வந்திட்டுதே!" என்றாள் பிரான்சிஸ்கா, வின்சன்டைப் பார்த்து.

அப்போது வயிறு உறுமியது. கூரைத் தகரம் இரண்டு ஆணியைக் கக்கியது. தெருவில் நின்ற கிழட்டுக் கழுதை ஒன்று மெல்ல வேலிக்கு வந்தது. யூட் கக்கூஸ் சாளரத்தில் கண்ணை வைத்தான். கழுதை ஒரு காதைத் தூக்கி, நெஞ்சில் குழாய் வைத்த டொக்டர்போலக் கண்ணை மூடிக் கேட்டது. வயிறு மறுபடியும் உறுமியது. கழுதை யோசித்தது. பிறகு திரும்பிப் போய், மதிலில் ஒட்டியிருந்த டியூசன் போஸ்டரைத் தின்னத் தொடங்கியது.

"கணவாய்!" என்று உள்ளேயிருந்து கத்தினான் யூட். "பிரான்சிஸ்கா, கணவாய்தானடி!"

கஞ்சியும் ஜீவனியுமாகச் சனிக்கிழமை கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை யூட் கோயிலில் பிள்ளையை ஏந்தி நின்றான். "பசாசை விட்டுவிடுகிறீர்களா?" என்று பாதர் கேட்டார். யூட் வாய் திறக்கமுன் அவன் வயிறு பதில் சொன்னது. பீடத்து மெழுகுதிரிகள் சாய்ந்து நிமிர்ந்தன. பசாசு பின்கதவால் ஓடியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு உறுதியாக யாரும் பதில் சொல்லிப் பாதர் கேட்டதில்லை. திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போனார். பிள்ளை யூட்டின் கையிலேயே தூங்கிவிட்டது.

மூத்த பையனுக்கு ஞானத்தகப்பன் வின்சன்ட்; இந்தப் பிள்ளைக்கு யூட்தான்.