பன்னிரண்டே கால் மணி ரோஸ்

ஆரணிப் பட்டு வியாபாரி சிவப்பிரகாசம் தன் மகன் ராஜ்குமாரை நம்பிக் கொடுத்த முதல் வேலை, ஒரு பூவைப் போட்டோ எடுத்து வருவது. அதையும் அவன் கலையாக்கிவிட்டான்.

பூ பெரணமல்லூரில், கல்யாணப் பெண் காவ்யாவின் தோட்டத்தில் இருந்தது. காலையில் வெள்ளை, சாயங்காலம் சிவப்பு, நடுவில் மணிக்கொரு ரோஸ் நிறம் என்று மாறுகிற ஜாதி. பறித்துக்கொண்டு பஸ் ஏறினால் ஆரணி வருவதற்குள் வேறு பூவாகிவிடும்.

"பன்னெண்டே கால் மணிக்கு ஒரு ரோஸ் வரும்ணா. முகூர்த்தப் புடவை அந்தக் கலர்லதான் வேணும்" என்றாள் காவ்யா. எடுத்தான்.

திரும்பும் பஸ்ஸில் கை சும்மா இருக்கவில்லை. நிறத்தை முழுக்க உறிஞ்சிக் கருப்பு வெள்ளையாக்கினான். பின்னணியைக் கும்மிருட்டாக்கினான். இதழ் நரம்புகளைக் கூராக்கினான். பழைய படத்தின் மேலேயே சேமிக்கவா என்று போன் மரியாதையாகத்தான் கேட்டது. ஆமென்றான். இறங்குவதற்குள் நாற்பத்தோரு லைக்.

நான்கு நாள் கழித்து, சாயப் பட்டறையில் தண்ணீர் கொதிக்கும்போதுதான் தான் செய்தது என்னவென்று உறைத்தது. முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து நாள். இன்றைக்குச் சாயம் ஏறினால்தான் பாவு நூல் தறிக்குப் போகும்.

"இன்னா தம்பி, கலரைக் காட்டு, ஜல்தி" என்றார் சாயக்காரர் பொன்னுசாமி.

போனை நீட்டினான்.

"இது இன்னா, கண்ணீர் அஞ்சலியா?"

பட்டறையின் மாதிரி நூல்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, அதேபோல் கருப்பு வெள்ளையாக்கி, பூவின் சாம்பலோடு ஒட்டிப் பார்த்தான். நாற்பதில் நான்கு அச்சாகப் பொருந்தின. மூன்று ரோஸ், ஒரு கிளிப்பச்சை.

"பச்சையை ஒதுக்கிடலாம் மாமா" என்றான். அன்றைக்கு அவன் உறுதியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

"ஒங்கப்பாவுக்குப் போன் போடவா?"

"வேணாம் மாமா, கால்ல வுழறேன்."

காவ்யாவைக் கூப்பிட்டான். வேறொரு பூ பூத்திருந்தால் படம் அனுப்பச் சொல்லலாம்.

"செடியை வெட்டிட்டாங்கண்ணா. பந்தலுக்கு எடம் பத்தலையாம். நேத்து பூரா அழுதுகினு இருந்தேன். போட்டோதான் கீதேன்னு அம்மா சமாதானம் சொன்னாங்க."

ராஜ்குமார் விஷயத்தைச் சொன்னான். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை.

"எனக்கு ரோஸுன்னுதான் ஞாபகம் கீது" என்றாள். "எந்த ரோஸுன்னா சொல்லத் தெரியலை. நீங்கதானே கிட்டக்க நின்னு பாத்தீங்க? நீங்களே சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

மூன்று நூல்களையும் வெயிலில் பிடித்தான். நிழலில் பிடித்தான். கண்ணை மூடினான். உள்ளேயும் பூ சாம்பலாகவே வந்தது.

"ஏறுனா ஏறுனதுதான் தம்பி" என்றார் பொன்னுசாமி. "ஒன் போனு மாதிரி பின்னாடி போவ முடியாது."

போனிலும் முடியவில்லை என்று அவன் சொல்லவில்லை. நடு நூலைத் தொட்டான்.

பட்டு முங்கியது, எழுந்தது, சொட்டியது.

"இதானா?"

ராஜ்குமார் போனைப் பார்த்தான். கருப்பில் மிதந்த பூ, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி அழகாக இருந்தது.