கல்யாணம் ஆஃப் ஆன கதை

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ். காலடியில் யாரோ வைத்த எலுமிச்சை மூட்டை. முன் இருக்கைப் பெரியவர் ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினார்: “கல்யாணம் ஆஃப் ஆயிட்டு! மாப்ளையே இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டான்!”

அதோடு இறங்கிப் போய்விட்டார். அப்படிக் கத்திவிட்டு ஒரு மனிதர் இறங்கிப் போனால், எழுதுகிறவன் சும்மா இருப்பானா? அவருக்குத் தேவதாசன் என்று பேர் வைத்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஆக்கினேன். மகள் ஜெனிபா.

2

முதல் வரிதான் வரவில்லை.

அந்தி வெயில் கோபுரத்தின் மேல் பொன்னாக — வேண்டாம்.

ஜெனிபாவுக்கு இருபத்தேழு வயதாகியும் — இதை எழுதியதும் ஜெனிபாவே என்னை முறைத்தாள். அடித்துவிட்டேன்.

ஜெனிபா வகுப்பில் இருக்கும்போது ஃபோனைத் தொடமாட்டாள். இது இருக்கட்டும். எல்லா வினையும் இங்கிருந்துதான் ஆரம்பம். (வினைச்சொல்லும்தான்.)

3

ரத வீதிப் பக்கம் ஒரு செல்ஃபோன் கடையின் மாடியில் அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறாள். அன்றைய பாடம், ஒரு வினைச்சொல்லின் வாலில் அப், ஆஃப், ஆஃப்டர் என்று எதையாவது கட்டிவிட்டால் அது எப்படி வேறு ஆளாகிவிடுகிறது என்பது.

கடையநல்லூரிலிருந்து வரும் ஷமீரா எழுந்தாள். “மிஸ், கிவ்வும் தெரியுது, அப்பும் தெரியுது. ரெண்டும் சேந்தா மட்டும் ஏன் மிஸ் தெரிய மாட்டேங்குது?”

“கல்யாணம் மாதிரிதான்,” என்றாள் ஜெனிபா. வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் பலகையில் தமிழில் எழுதினாள்: வாங்கிக் கட்டிக்கொண்டான். “என்னத்த வாங்குனான்? எதக் கட்டுனான்?”

“ஒண்ணும் வாங்கல மிஸ். அடி வாங்குனான்.”

“அவ்வளவுதான். இங்கிலீஷ்காரனும் நம்மள மாதிரிதான்.”

அவள் பையில் அந்நேரம் ஃபோன் சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. துடிக்கட்டும். நாம் பஸ்ஸுக்குப் போவோம்.

4

மாப்பிள்ளை எஸ்ரா. இளையரசனேந்தல்காரன், மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. பஸ்ஸில் இருந்த தேவதாசனுக்கு அவன் அனுப்பிய செய்தி இது: டியர் அங்கிள், நோ லீவ். வீ ஹேவ் டு புட் ஆஃப் த வெட்டிங்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்கிறான் பையன், பாவம். தேவதாசன் கண்ணில் ஆஃப் மட்டும்தான் பட்டது. வீட்டுக்கு ஃபோன் போட்டார். அதைத்தான் நான் கேட்டேன்.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது மனைவி சுந்தரபாய் வாசலிலேயே நின்றாள். “ஜெனிபா வரட்டுமே. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்.”

“என்னத்த கேக்க? ஆயுசு பூரா மின்வாரியத்துல இருந்திருக்கேன். ஆஃப்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

நின்றபடியே பதில் அனுப்பினார், கோபத்துக்கு ஏற்ற மொழியில். எங்கள் மகளுக்கு வேறு பையனைத் தேடுகிறோம் என்பது அவர் நினைப்பு. எழுதியது: வீ ஆர் லுக்கிங் ஆஃப்டர் அனதர் பாய்.

அதாவது, வேறொரு பையனை வைத்துப் பராமரித்து வருகிறோம்.

5

(எஸ்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் அவனை மோசக்காரனாக எழுதியிருந்தேன். மஸ்கட்டில் இன்னொரு குடும்பம்கூடக் கொடுத்திருந்தேன். பொருந்தவே இல்லை. அவன் ஜெனிபாவுக்கு அனுப்பும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நண்பனிடம் காட்டித் திருத்தி வாங்கி அனுப்புகிறவன். இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு எழுதுகிறோமே என்ற பயம். ஜெனிபாவுக்கும் ஒரு பயம்: வெளிநாட்டு மாப்பிள்ளை, தமிழில் எழுதினால் பட்டிக்காடு என்று நினைப்பானோ. நிச்சயம் ஆனதிலிருந்து இரண்டு பேரும் குட் மார்னிங்கில் எழுந்து குட் நைட்டில் படுக்கிறார்கள்.)

வகுப்பு முடிந்து ஜெனிபா ஃபோனை எடுத்தாள். எஸ்ராவிடமிருந்து ஒரே ஒரு வரி.

ஐ கிவ் அப்.

விட்டுவிட்டேன். எதை? செயப்படுபொருள் இல்லை. ஷமீரா இப்படி எழுதியிருந்தால் பாதி மார்க் குறைத்திருப்பாள்.

6

இங்கே எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. வேலையை விட்டான்: விமானம், திருவனந்தபுரம், கண்ணீர். ஜெனிபாவை விட்டான்: அதை எழுத எனக்கு மனசில்லை. மூன்றாவதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று படியிறங்கவிட்டேன்.

வீட்டில் அப்பா இரண்டு செய்தியையும் பெருமையோடு காட்டினார். படித்தாள். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“எப்பா, புட் ஆஃப்னா தள்ளிவைக்கது. நிப்பாட்டுததுக்கு கால் ஆஃப்.”

“அப்ப அதுலயும் ஆஃப் இருக்குல்லா?” என்றார் தேவதாசன், விடாமல். பிறகுதான் முகம் சுண்டியது. “நான் எழுதுனது?”

அவள் சொன்னாள். சுந்தரபாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

ஜெனிபா மொட்டைமாடிக்கு ஏறினாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது: அவன் எழுதிய வரியெல்லாம் அத்துப்படி, குரல் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்படி ஒருவனை இழந்தால் எதைச் சொல்லி அழுவது? அவனை அழைத்தாள்.

எடுத்தான்.

“எஸ்ரா, வாட் டிட் யூ கிவ்—”

“ஏட்டி, தமிழ்ல பேசு,” என்றான். “உங்கிட்ட இங்கிலீஷ் எழுதி எழுதி எனக்கு உசுரு போவுது. அதத்தான் விட்டுட்டேன்னு போட்டேன்.”

“அப்ப என்னய விடலையா?”

“உன்னய எதுக்கு விடுதேன்? மொதல்ல இதச் சொல்லு. உங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுதீங்களே, அந்தப் பையன் யாரு? வேளாவேளைக்குச் சோறு போடுதீங்களா?”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிக் காக்கைகள் எழும்பின. அவன் அந்தப் பக்கம் சிரிக்கவில்லை.

“இனி லெந்து நோம்பு நாளு வந்துரும். அதுல கல்யாணம் வைக்க மாட்டாங்க. ஈஸ்டர் கழிஞ்சாத்தான் லீவு. அதுவர இருப்பியா? முடியாதுன்னா சொல்லு, வேலைய விட்டுட்டு வாரேன்.”

“வேலைய விட்டுட்டு வந்தா எங்கப்பா உங்களயும் சேத்துப் பாத்துக்கிடணுமே. ஈஸ்டர் கழிஞ்சே வாங்க.”

இப்போது அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அவர்கள் சொந்த விஷயம். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

7

கதை இங்கே முடிந்திருக்கும், கீழே தேவதாசன் சும்மா இருந்திருந்தால்.

மருமகனைச் சமாதானப்படுத்தாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. “நீங்க ஒண்ணும் அனுப்பாதிய,” என்கிறாள் சுந்தரபாய். “மேக் அப்னா சமாதானம் ஆவது. இதுகூடத் தெரியாமலா இருக்கேன்?” என்கிறார். அது சரிதான். ஆனால் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல அவர் அடித்து வைத்திருப்பது இது:

டியர் சன், டோன்ட் ஒர்ரி. வீ மேட் அப் எவ்ரிதிங்.

கவலைப்படாதே மகனே, எல்லாமே நாங்கள் கட்டிவிட்ட கதை.

ஜெனிபாவைக் கீழே இறக்கி நான் தடுக்கலாம். ஆனால் அவள் மாடியில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தவிர, எழுதுகிறவனாக அந்த வாக்கியத்தை எத்தனை முறை பார்த்தாலும் அதில் பிழை தெரியவில்லை. இந்தக் கதையில் அப்பட்டமான உண்மை அது ஒன்றுதான்.

தேவதாசனின் கட்டைவிரல் இறங்குகிறது. நான் தடுக்கப் போவதில்லை. நீங்கள் தடுப்பதென்றால், ஓடுங்கள்.